நகரும் விரல்கள்

கிளாம்ப்பை இன்னும் கால் திருகு திருகினால் பலகையில் தடம் விழும், திருகாவிட்டால் பலகை நகரும். பொன்னுலிங்கம் கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றார். நகரக் கூடாது. கால் நூல் நகர்ந்தாலும் போச்சு, அப்புறம் இந்த அயினிப் பலகையை என்ன செய்வது. குளோரி டீச்சர் வீட்டு மரம் இது. புயலில் கிணற்றுச் சுவர்மேல் சாய்ந்த ஒரே மரம். அறுத்து, அடுக்கி, இரண்டு வருஷம் காயப்போட்டு எடுத்ததில் இருபத்து நாலு சின்ன டிராயருக்குச் சரியாக இருந்தது, மிச்சம் இரண்டே துண்டு. அப்படியானால் இரண்டு தப்பு செய்யலாம். மூன்றாவது தப்புக்கு மரம் கிடையாது. அவர் கால் திருகு திருகினார், பிறகு பயந்து அதில் பாதியைத் தளர்த்தினார், தளர்த்தியது அதிகமோ என்று பலகையைக் கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. மணி பத்தேகால். டீச்சர் பன்னிரண்டுக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். முதல் டிராயரைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று நேற்று போனில் சொன்னபோது அவள் குரலில் ஒரு சிறுபிள்ளை ஆசை இருந்தது. பெண்கள் கல்லூரியில் முப்பது வருஷம் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவள், போகிற இடமெல்லாம் விதை பொறுக்குகிறவள், அந்த விதைகளைப் போட்டுவைக்கத்தான் இந்த அலமாரி. "ஆணி வேண்டாம் பொன்னுலிங்கம், பசை கூட பேருக்குத்தான் இருக்கணும். நீங்க கையால போடுவீங்களே, அந்தப் புறாவால் மூட்டு, அதுதான் வேணும்." கையால. அந்த ஒரு சொல் இல்லாமல் அவள் கேட்டிருந்தால் இன்றைக்கு இந்தப் படபடப்பில் பாதி இருந்திருக்காது.

பட்டறை வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், தகரக் கொட்டகை. அதன் மறுகோடியில் தங்கலீலா அலமாரிச் சட்டத்துக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தாள், முதுகு இந்தப் பக்கம். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் பதினைந்து வருஷமாக பாலிஷ் வேலை அவளுடையது. சர் சர் என்று அந்தச் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது, நடுவில் நின்றால் அவள் திரும்பப்போகிறாள் என்று அர்த்தம், அப்போது கையை மறைக்க வேண்டும். வலது கை. இப்போது கிளாம்ப்பைப் பிடித்திருப்பதால் ஒன்றும் தெரியவில்லை. எதையாவது இறுக்கிப் பிடித்தால் அடங்கும், லேசாக எடுத்தால்தான் ஆடும், பென்சிலை, பொத்தானை, டீ கிளாஸை. பக்கத்து வீட்டுச் சிவகாமி மகள் கல்யாணப் பந்தியில் பாயசத்தை வாய்க்குக் கொண்டுபோகும்போதுதான் முதலில் தெரிந்தது, கை தன் பாட்டுக்கு ஆடியது, யாரோ தோளைப் பிடித்து உலுக்குகிற மாதிரி, திரும்பிப் பார்த்தால் யாருமில்லை. சட்டையில் சிந்தியதைத் துடைத்துவிட்டு, பந்தியில் நெரிசல் என்று சொன்னார். யாரும் கேட்காமலே சொன்னார். அன்றைக்கு ஆரம்பித்தது இந்தக் கேட்காமலே சொல்வது. நேற்று தூக்கம் சரியில்லை, அதான். மோட்டார் ஓட்டி ஓட்டிக் கை மரத்துப்போச்சு, அதான். பல்லுக்கு மாத்திரை போட்டேன், அதான். ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஆளிடம். யாரிடம் எதைச் சொன்னோம் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்வதே தனி வேலையாகப் போய்விட்டது.

வெட்டுக்கு வழிகாட்டுகிற அந்த ஜிக்கை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தார். நீளமான அலுமினியச் சட்டம், அதன் மேல் வரிசையாக உலோக விரல்கள். பலகையை நட்டுக்குத்தலாக முன்பக்கம் நிறுத்தி இறுக்கிவிட்டு, ரவுட்டர் என்கிற வெட்டு மோட்டாரை விரல்களின் மேல் வைத்து, இடுக்குகளுக்குள் உள்ளே விட்டு வெளியே இழுத்தால் போதும். ரவுட்டரின் அடியில் சுழன்று வெட்டுகிற பிட்டைச் சுற்றி ஒரு வளையம் இருக்கிறது, அது விரலைத் தொட்டுத் தொட்டுப் போகும், விரல் எங்கே நிற்கிறதோ அங்கே வெட்டும் நின்றுவிடும். திருவனந்தபுரம் சாலை பஜார் கடையில் இரண்டு வகை காட்டினார் கடைக்காரர், நாகர்கோவிலிலிருந்து அங்கே போய்க் குடியேறினவர். "இது விரல் எல்லாம் நிலையா இருக்கும் அண்ணாச்சி. பல்லு சீப்பு மாதிரி ஒரே அளவா விழும். விலையும் கம்மி, சமையலறை டிராயருக்கு இது தாராளம். இது அப்படி இல்ல. ஒவ்வொரு விரலா நகத்தலாம், எங்க வேணுமோ அங்க வச்சு முறுக்கிக்கலாம். ஒரு வால் அகலம், ஒரு வால் ஒடுக்கம். கையால போட்ட மாதிரியே இருக்கும். ஒருத்தனும் கண்டுபிடிக்க முடியாது." ஒருத்தனும் கண்டுபிடிக்க முடியாது. அந்தச் சொல்லைக் கேட்டதும் பொன்னுலிங்கத்துக்கு முகம் சுட்டது. கடைக்காரர் நல்ல மனதோடுதான் சொன்னார். பொன்னுலிங்கமோ திருட்டுப் பொருள் விலை கேட்க வந்தவர்போல வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "கை கொஞ்சம் ஆடினா?" என்று கேட்டார். "ஆடினா என்ன? நீங்க ஆடினாலும் விரல் ஆடாதுல்லா. ஒண்ணே ஒண்ணு. வெட்டு முடிஞ்ச உடனே மிஷினைத் தூக்கிரப்பிடாது. சுவிட்சை அமத்திட்டு, பிட்டு சுத்தி நிக்கிற வரைக்கும் அப்படியே வச்சிருக்கணும். சுத்திக்கிட்டு இருக்கும்போது தூக்கினீங்கன்னா வாலும் போகும், விரலும் போகும்." எந்த விரல் என்று அவர் கேட்கவில்லை. நகருகிற விரலையே வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். பஸ்ஸில் மடியில் பெட்டி, பெட்டியின்மேல் கை, களியக்காவிளை வரும்வரை கை பெட்டியின்மேல் மெல்லத் தாளம் போட்டுக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்தவர் பாட்டு ரசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு சிரித்தார்.

லீலாவிடம், வேலை சீக்கிரம் முடியும் என்றார். இருபத்து நாலு டிராயர், ஒன்றுக்கு நாலு மூலை, தொண்ணூற்றாறு மூட்டு, வாளால் அறுத்து உளியால் எடுத்தால் இரண்டு மாசம் என்றார். பொய் இல்லை. ஆனால் உண்மையும் அது இல்லை. உண்மை, பெட்டிக்கடைக்காரருக்கு மேசை செய்தபோது நடந்தது. கோட்டின்மேல் வாளை வைத்தார், இடது கட்டைவிரல் நகத்தை ஓரமாகக் கொடுத்து முதல் இழுப்பு இழுத்தார், வாள் கோட்டை விட்டுப் போயிருந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம், இருக்கவே கூடாத பக்கம். முப்பத்தைந்து வருஷத்தில் அவர் வாள் அந்தப் பக்கம் போனதே இல்லை என்று சொல்ல முடியாது, போயிருக்கிறது, ஆனால் அப்போதெல்லாம் போனது அவருக்குத் தெரிந்து போனது, அவசரப்பட்டோ கோபத்திலோ போனது. இது அவருக்குத் தெரியாமல் போனது. அந்தத் துண்டைச் செத்தை மூட்டைக்குள் அடியில் செருகிவைத்தார், மேலே மரத்தூளை அள்ளிப் போட்டார். பிறகு தாய்மாமன் நல்லபெருமாள் ஞாபகம் வந்தது. மாமா கடைசி நாலு வருஷம் தட்டை மடியில் வைத்துக் குனிந்து தின்றார். கையை வாய்க்குக் கொண்டுபோவதை விட்டுவிட்டு வாயைக் கைக்குக் கொண்டுபோனார். அத்தை பக்கத்தில் இருந்து ஊட்ட வந்தால் தட்டைத் தள்ளிவிடுவார். அது என்ன நோய் என்று அந்தக் காலத்தில் யாரும் பெயர் சொல்லவில்லை, நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள். பெயர் தெரிந்துவிட்டால் அதற்கப்புறம் அது அந்தப் பெயராகத்தான் இருக்கும். பெயர் தெரியாதவரைக்கும் தூக்கம் சரியில்லாததாக இருக்கலாம், மாத்திரையாக இருக்கலாம், மோட்டாராக இருக்கலாம். அதனால்தான் டாக்டரிடம் போகவில்லை. அதனாலா? இல்லை, பயத்தினால். இரண்டும் ஒன்றுதான்.

உப்புத்தாள் சத்தம் நின்றது. அவர் வலது கையை ரவுட்டரின் கைப்பிடியில் வைத்து இறுக்கினார்.

"டீ ஆறுது, குடிச்சிட்டு ஆரம்பிங்க," என்று லீலா கிளாஸைப் பலகை மேசையின் ஓரத்தில் வைத்தாள். "டீச்சர் பன்னெண்டுக்குத்தானே? அவசரப்படாதீங்க."

"யாரு அவசரப்பட்டா?"

"நான் சும்மா சொன்னேன்."

அவள் திரும்பிப் போய்விட்டாள். அவர் கிளாஸை எடுக்கக் கையை நீட்டியவர் பாதியில் நின்றார். கிளாஸில் பாதிதான் டீ இருந்தது. பால் தீர்ந்திருக்கும். ஆனால் நேற்றும் பாதிதான். நேற்று காலையிலும். எப்போதிருந்து? அவர் யோசித்தார், ஓணத்துக்கு மச்சினன் வந்தபோது அவனுக்குத் தளும்பத் தளும்ப வைத்தாள், இவருக்குப் பாதி. அன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை. சர்க்கரைக்காகக் குறைக்கிறாள் என்று நினைத்திருக்கலாம், எதையும் நினைக்காமலே குடித்திருக்கலாம். சிந்தாமல் குடிக்க முடிகிறது, பரவாயில்லை, குறைந்துவருகிறது என்று ஒரு நாள் தனக்குள் சந்தோஷப்பட்டது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது. குறைந்தது கை ஆட்டம் இல்லை, டீ. அப்படியானால் தெரியும். தெரிந்திருந்தால் கேட்டிருப்பாளே, ஊர்க்கதை எல்லாம் கேட்கிறவள் இதைக் கேட்க மாட்டாளா. கேட்கவில்லையே, அதனால் தெரியாது. தெரியாவிட்டால் ஏன் பாதி? பால் விலை. பால் விலைக்கு மச்சினனுக்கு ஏன் முழுசு? விருந்தாளி. நேற்று விருந்தாளி இல்லை, நேற்று அவள் கிளாஸ் முழுசாகத்தான் இருந்தது, பார்த்தார், அவள் கிளாஸ் முழுசு. செக்கு மாடு மாதிரி மனம் அந்தக் கிளாஸையே சுற்றிச் சுற்றி வந்தது. கடைசியில் டீயைக் குடிக்காமல் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவிட்சைப் போட்டார்.

ரவுட்டர் வீறிட்டது. அந்தச் சத்தத்தில் ஒரு நிம்மதி இருந்தது, இயந்திரமே அதிரும்போது எது அதன் அதிர்வு எது தன் அதிர்வு என்று யாருக்குத் தெரியும். முதலில் டிராயரின் பக்கப் பலகை, அதில் வால். பிட்டின் நுனி அகலம், கழுத்து ஒடுக்கம், அது போன வழியெல்லாம் புறா வால் விரித்த மாதிரி மரம் மிஞ்சும். ரப்பர் மரத் துண்டுகளில் மூன்று நாளாகப் போட்டுப் பார்த்தாகிவிட்டது. முதல் தடவை தொளதொளவென்று இருந்தது, விரல் சட்டத்தை அளவுகோலில் ஒரு கோடு நகர்த்தினார், அடுத்தது இறங்கவே இல்லை, அரைக்கோடு திருப்பினார், மூன்றாவது கச்சிதம். இப்போது அயினி. மெதுவாக உள்ளே விட்டார். பொன்னிறத் தூள் மணிக்கட்டில் வந்து விழுந்தது, சூடாக, லேசாகப் புளித்த வாசனையோடு. வளையம் விரலைத் தொட்டது, டக், மறுபக்கம் தொட்டது, டக். கை ஆடியது, தெரிந்தது, கைப்பிடிக்குள் அந்த ஆட்டம் சிறைப்பட்ட தவளைபோல முட்டியது, ஆனால் விரல் ஆடவில்லை, அவர் எங்கே போக நினைத்தாலும் விரல் அதற்கு மேல் விடவில்லை. முதல் இடுக்கு. இரண்டாவது. மூன்றாவது. நாலாவது முடிந்ததும் உடம்பெல்லாம் ஒரே குரலாகத் தூக்கு தூக்கு என்றது. எந்த வேலையிலும் முடிந்ததும் கருவியை எடுத்துவிடுகிற கை, அதற்கு முப்பத்தைந்து வருஷப் பழக்கம். சுவிட்சை அமர்த்தினார். பிட் இன்னும் சுற்றியது. தூக்காதே. ஒன்று, இரண்டு, மூன்று. சத்தம் இறங்கியது, ஊளையிலிருந்து முனகல், நாலு, ஐந்து, முனகலிலிருந்து மூச்சு, ஆறு. நின்றது. எடுத்தார். மூன்று வால்கள், ஒன்று அகலம், இரண்டு ஒடுக்கம், ஓரம் பிசிறில்லாமல். அவர் கை அல்ல அது. ஆனால் பார்த்தால் அவர் கை மாதிரியே இருந்தது, அதுதான் என்னவோ போல் இருந்தது.

பிட்டை மாற்றி, விரல் சட்டத்தை மறுபுறமாகத் திருப்பிப் போட்டு, முன்பலகையை நிறுத்தி இறுக்கினார். இது வாலுக்குள் போய் உட்காரும் ஆப்பு. ஒரு பலகை சரியாக வந்துவிட்டதால் பயம் குறைந்திருக்க வேண்டும், குறையவில்லை, கூடியது. இப்போது கெடுத்தால் நன்றாக வந்ததையும் சேர்த்துக் கெடுத்ததாகும். மணி பதினொன்று பத்து. டீச்சர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மூட்டை மூக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பாள், முன்பு செய்த பெட்டியை அப்படித்தான் பார்த்தாள். "ஒண்ணுக்கொண்ணு வித்தியாசமா இருக்கு பாருங்க, அதான் எனக்குப் பிடிச்சிருக்கு." இதையும் பார்ப்பாள். கையால போட்டதுதானே என்று கேட்பாள். ஆமா டீச்சர் என்றால் போதும். இரண்டு சொல். நாக்கா ஆடுகிறது, கைதானே ஆடுகிறது. சுவிட்சைப் போட்டார். முதல் ஆப்பின் ஒரு பக்கம் வந்தது. மறுபக்கம் வந்தது. இரண்டாவதில் உள்ளே போகும்போது, ஆமா டீச்சர், ஆமா டீச்சர், என்று மனம் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது, வலது தோளிலிருந்து ஒரு உதறல் இறங்கியது. அந்தக் கணம் ரவுட்டரின் பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் எழும்பியது, பிட் மரத்தைக் கடித்தது, க்ரக் என்று ஒரு சில்லு பறந்து கண்ணாடியில் அடித்தது. அவர் தூக்கவில்லை. எப்படித் தூக்காமல் இருந்தார் என்று தெரியவில்லை. சுவிட்சை அமர்த்தி, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்து, எண்ண மறந்து, வெறுமே நின்றார். நின்ற பிறகும் நின்றார். இரண்டாவது ஆப்பின் மூலையில் ஒரு அரிசி அளவு குழி. மிச்சம் இருந்த இரண்டு துண்டு இனி ஒன்று. கண்ணாடியைக் கழற்றாமலே பலகையைக் கழற்றினார், ஓசைப்படாமல், அதைச் செத்தை மூட்டையருகே கொண்டுபோனார்.

"அதை அங்க போடாதீங்க," என்றாள் லீலா.

உப்புத்தாள் சத்தம் எப்போது நின்றது என்று அவர் கவனிக்கவில்லை. அவள் இந்தப் பக்கம் திரும்பி நின்றாள், முகமெல்லாம் மரத்தூள், புருவம் வெளுத்திருந்தது.

"கணு இருந்தது," என்றார். "கணுவில பட்டுச் சிதறிப்போச்சு."

அவள் வந்து பலகையை வாங்கிப் பார்த்தாள். கணு எதுவும் இல்லை. இல்லை என்று அவள் சொல்லவில்லை. மிச்சத் துண்டில் ஒன்றை எடுத்துவந்து ஜிக்கில் நிறுத்தினாள், அவர் செய்வதைப் பார்த்தே பழகியிருந்தாள், விளிம்பு படுகிறதா என்று தடவிப் பார்த்து கிளாம்ப்பைத் திருகினாள். அவளுக்குக் கால் திருகு, அரைத் திருகு என்ற யோசனையெல்லாம் இல்லை. பிறகு ரவுட்டரின் வலது பக்கக் கைப்பிடியைப் பிடித்தாள்.

"நான் இந்தப் பக்கம் பிடிக்கேன். நீங்க அந்தப் பக்கம்."

"கை போயிரும், விடு."

"சுத்தி நிக்கிற வரைக்கும் தூக்கப்பிடாது, அதானே? மூணு நாளா நீங்க வாயிக்குள்ள சொல்லிக்கிட்டே இருக்கது கேக்கத்தான் செய்யுது."

அவருக்குக் கோபம் வந்தது. மாமா தட்டைத் தள்ளிய கோபம் அது என்று அவருக்கே தெரிந்தது. தள்ளினால் என்ன ஆகும் என்றும் தெரிந்தது. தட்டு கவிழும், சோறு சிந்தும், அத்தை குனிந்து அள்ளுவாள், அடுத்த நாளும் அதே. பஸ் ஸ்டாண்டில் யாரோ மார்த்தாண்டம் மார்த்தாண்டம் என்று கூவினார்கள். அவர் இடது கைப்பிடியைப் பிடித்தார், வலது கையை ரவுட்டரின் தலையில் வைத்தார், ஆடட்டும் என்று. சுவிட்சைப் போடு என்றார். இரண்டு பேர் இழுக்கும்போது இயந்திரம் முதலில் முரண்டியது, அவள் சற்று வேகமாக இழுத்தாள், அவர் நிறுத்தினார், பிறகு வளையம் விரலைத் தொடுகிற அந்த டக் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் கேட்டது, அதைப் பிடித்துக்கொண்டே போனார்கள். அவளுடைய மூச்சு அவர் காதருகில் இருந்தது. முதல் ஆப்பு. இரண்டாவது. கடித்த இடம் இதுதான் என்று அவர் உடம்பு இறுகியது, கடந்தது. மூன்றாவது, நாலாவது. "அமத்து." பிட் ஊளையிட்டு இறங்கியது. இரண்டு பேரும் மனதுக்குள் எண்ணினார்கள், அவர் ஆறில் தூக்க நினைத்தார், அவள் எட்டு வரை விடவில்லை.

மற்ற மூன்று மூலைகளையும் அப்படியே வெட்டினார்கள். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பலகைகளைக் கோத்து, மேலே ஒரு கட்டை வைத்துக் கொட்டாப்புளியால் தட்டினார். இறங்கியது. ஓசை ஒவ்வொரு தட்டுக்கும் கனத்தது, கடைசித் தட்டில் ஒரே மரத்தைத் தட்டுகிற சத்தம் வந்தது.

குளோரி டீச்சர் ஆட்டோவிலிருந்து இறங்கி, குடையை மடக்காமலே உள்ளே வந்தாள். டிராயரை இரண்டு கையாலும் எடுத்தாள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றினாள். ஒரு மூலையைப் பார்த்து, திருப்பி, மறுமூலையைப் பார்த்து, விரல் நகத்தால் மூட்டைத் தடவினாள். நகம் எங்கும் மாட்டவில்லை. "என் மரம்," என்றாள், பொதுவாக. கேள்வி இப்போது வரும் என்று பொன்னுலிங்கம் காத்திருந்தார். ஆமா டீச்சர். ஆமா டீச்சர். அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பைக்குள் கைவிட்டு ஒரு மை பேனாவை எடுத்தாள்.

"இதோட அடியில எழுதித் தாங்க. யார் செஞ்சது, எப்படிச் செஞ்சது, என்னைக்கு. விதைக்கு நான் சீட்டு எழுதுவேன்லா, எங்க எடுத்தது, யார் எடுத்ததுன்னு. அது மாதிரி. பின்னால வாறவங்களுக்குத் தெரியணும்."

இன்னும் சொருகாமல் மேசையில் கிடந்த டிராயரின் அடிப்பலகையை எடுத்து நீட்டினாள். அவர் லீலாவைப் பார்த்தார். நான் எழுதட்டுமா என்று அவள் கண்ணால் கேட்டாள், கை பாதி வந்துவிட்டது. அவளிடம் கொடுத்திருக்கலாம், என் எழுத்து கோழிக் கிறுக்கல் டீச்சர், அவ எழுதட்டும் என்று சிரித்திருக்கலாம். சொல் நாக்கின் நுனிவரை வந்தது, பல் மாத்திரை வந்த மாதிரி, மோட்டார் வந்த மாதிரி. அவர் பேனாவை வாங்கினார். மூடியைக் கழற்றவே நேரம் ஆயிற்று. நுனி பலகையைத் தொட்டதும் கை ஆட ஆரம்பித்தது, மறைக்கிற நேரத்தைவிட அதிகமாக ஆடியது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுதினார். எழுத்துகள் பெரிதாகவும் கோணலாகவும் விழுந்தன, கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். பேனா மரத்தில் கரகரக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஜிக் வைத்து வெட்டியது என்று முதல் வரி. பொன்னுலிங்கம் என்று இரண்டாவது. மூன்றாவதாகத் தங்கலீலா என்று எழுதினார், அதில் 'லீ' போடுவதற்குள் நெற்றி வேர்த்துவிட்டது.

டீச்சர் பலகையை வாங்கி மெல்லப் படித்தாள். ஜிக் என்ற சொல்லில் கண் கொஞ்சநேரம் நின்றது. பிறகு அவர் கையைப் பார்த்தாள். அவர் அதை மேசைமேல் அப்படியே விட்டிருந்தார்.

"எத்தனை நாளா இப்படி?"

"பதினோரு மாசம் ஆச்சு டீச்சர்," என்றார். சொன்ன பிறகு, இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

"பதிமூணு," என்றாள் லீலா.